துரைக்குத் தமிழ் தெரியும்

அன்பு மகனுக்கு,

நீ கேட்டது ஒரு பக்கம். உங்கள் சங்கம் ஜொகூர் பாருவில் போடப்போகிற நாடகத்துக்கு அறிவிப்புத் தாள் அச்சிடுகிறீர்கள் என்றும், "துரை வருகிறார்" எப்படித் தொடங்கியது, பிறகு என்னென்ன பாகங்கள் வந்தன, யார் யார் நடித்தார்கள் என்று சுருக்கமாக எழுதித் தரும்படியும் கேட்டிருந்தாய். எழுதினேன். படித்துப் பார்த்தேன். எழுத்துப் பிழை இல்லை, எல்லாம் ஒழுங்காக இருந்தது. ஆனால் அதை உனக்கு அனுப்ப மனம் வரவில்லை. காரணம் உன் கடிதத்தின் கடைசியில் நீ போகிற போக்கில் எழுதியிருந்த நாலு வரி. பெக்கோக்கிலிருந்து தங்கராசு ஆள் விட்டிருக்கிறார், துரை வேஷத்தை மறுபடியும் தானே கட்டுவதாகவும், பாட்டு ஒன்றும் பாடமாட்டேன், தொப்பியை வைத்துக்கொண்டு நடந்துவிட்டுப் போய்விடுகிறேன் என்றும் சொல்லியிருக்கிறார் என்று எழுதியிருக்கிறாய். அப்பா சொன்னதெல்லாம் நினைவிருக்கிறது, அந்த மனிதர் வாயால் ஒரு தடவை கெட்டது போதும், வேண்டாம் என்று பதில் எழுதப்போகிறேன் என்றும் எழுதியிருக்கிறாய். அந்தப் பதிலை இன்னும் தபாலில் போடவில்லையென்றால் போடாதே. முதலில் இதைப் படி.

நீ கேட்ட கதையையே முதலில் சொல்கிறேன். பெரிய யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். நீ சிறு பிள்ளை. கூலாய் ரப்பர் தோட்டத்தில் உன் அப்பா கணக்கெழுதும் பெரிய கிராணி, தங்கராசு ஆபீசில் அவருக்குக் கீழே சின்னக் கிராணி. கூலி ஜனங்களின் லயத்தில் பிறந்து, தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்து, தன் கையெழுத்தால் மேலே வந்தவர். அந்த வருஷம் புதுத் துரை ஒருவர் வருகிறார் என்று செய்தி வந்தது. லயங்களின் முன்சுவருக்கு மட்டும் சுண்ணாம்பு அடித்தார்கள். ஆடு மாடுகளைக் காட்டோரம் விரட்டினார்கள். துரை வரவில்லை. யுத்தத்தில் கப்பல் எங்கேயோ நின்றுவிட்டது என்றார்கள். மறுபடி வருகிறார் என்றார்கள், மறுபடி சுண்ணாம்பு. மூன்றாம் தடவை சுண்ணாம்பு அடித்து முடித்த அன்று மாலை நம் வீட்டுத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து தங்கராசுவும் உன் அப்பாவும் சிரிக்கத் தொடங்கினார்கள். அந்தச் சிரிப்புதான் நாடகமானது. அதில் துரை வேஷமே கிடையாது. எல்லோரும் காத்திருப்பார்கள், ஒருவரை ஒருவர் அதட்டுவார்கள், சுண்ணாம்பு அடிப்பார்கள். கடைசியில் தபால்காரர் துரையின் தொப்பியை மட்டும் கொண்டுவந்து நாற்காலியில் வைப்பார். எல்லோரும் தொப்பிக்குச் சலாம் போடுவார்கள். அவ்வளவுதான் கதை.

பொங்கலுக்கு மறுநாள் ரப்பர் ஸ்டோரில், பெட்டிகளை அடுக்கி அதன்மேல் பலகை போட்டு நடத்தினார்கள். ஜனங்கள் விடவில்லை. அடுத்த பொங்கலுக்கும் அதே நாடகம், பாட்டு மட்டும் புதிது. அந்த வருஷம் தோட்டத்தில் என்ன அநியாயம் நடந்ததோ அது அந்தப் பொங்கலுக்குப் பாட்டாகிவிடும். யுத்தம் முடிந்து அந்தத் துரையும் ஒருவழியாக வந்த பிறகு இரண்டாம் பாகம் வந்தது, "துரை வந்துவிட்டார்". அதில்தான் தங்கராசு தொப்பியைத் தலையில் வைத்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, எதையோ தொலைத்துவிட்டவர்போல மண்ணைப் பார்த்துக்கொண்டு அவர் மேடையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடப்பார். நடந்து முடிக்கும்வரை ஒரு வார்த்தை பேசமாட்டார். அதற்குள் ஸ்டோரே அதிரும். ரப்பர் விலை விழுந்த காலத்தில் மூன்றாம் பாகம், "துரை இன்னும் போகவில்லை". கோத்தா திங்கியிலிருந்துகூட லாரியில் ஆட்கள் வந்து பார்த்தார்கள். பழைய பாகங்களில் ஜனங்களுக்குப் பிடித்த காட்சிகளை விடாமல் சேர்த்துக்கொண்டே போனதால் கடைசிக் காலத்தில் மத்தியானம் தொடங்கினால் விளக்கு வைத்த பிறகுதான் முடியும்.

துரையைப் பரிகாசம் செய்கிற நாடகத்தைத் துரையின் ஸ்டோரில், துரையை முன்னால் உட்காரவைத்து எப்படி நடத்தினார்கள் என்று நீ ஒரு தடவை கேட்டாய். அப்பா சிரித்து மழுப்பினார். பதில் நான்தான். பங்களாவிலிருந்து சோபாவைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். துரைக்கும் துரைசானிக்கும் மாலை போடுவார்கள். பக்கத்தில் எனக்கொரு நாற்காலி. இங்கிலீஷ் தெரிந்த கிராணிகள் மேடையில் இருப்பார்கள்; மலாக்காவில் கன்னியர் மடத்தில் படித்ததால் கீழே இங்கிலீஷ் தெரிந்தவள் நான் மட்டும்தான். அந்தத் துரைக்கு மலாய் நன்றாக வரும். தமிழில் வேலை ஏவுகிற நாலைந்து சொல்லுக்கு மேல் தெரியாது. மேடையில் நடப்பதை நான் அவருக்கு இங்கிலீஷில் சொல்வேன். மழை பெய்தால் கூலி கிடையாது என்று மேடைத் துரை கொக்கரிப்பார். மழையில் ஜனங்கள் நனைகிறார்களே என்று வருந்துகிறார் என்று நான் சொல்வேன். துரை கண்கலங்கித் தலையாட்டுவார். பின்னால் இருக்கிற ஜனங்கள் அதைப் பார்த்து இன்னொரு தடவை சிரிப்பார்கள். "நாங்க மேடையில போடறது பாதி நாடகந்தான். மீதிய நீ நாற்காலியில உக்காந்து போட்டுடுற" என்பார் உன் அப்பா. எனக்கு அதில் பெருமை இருந்தது. பொய் பாவம் என்று கன்னியாஸ்திரிகள் சொல்லிக்கொடுத்தது நினைவில்தான் இருந்தது. இது பொய்யில்லை, மரியாதை என்று எனக்கு நானே பேர் வைத்துக்கொண்டேன்.

பிறகு அந்தத் துரை சீமைக்கே திரும்பிவிட்டார். அவர் இடத்துக்கு வேறொரு துரை வந்தார். நீ அப்போது சிங்கப்பூரில் படித்துக்கொண்டிருந்தாய். அவர் சிரிக்கமாட்டார், கூச்சல் போடவும் மாட்டார். ஆபீசில் இங்கிலீஷ், வெளியில் மலாய். அவர் வந்து முதல் பொங்கல் நெருங்கியபோது துரைசானி என்னைத் தேநீருக்குக் கூப்பிட்டாள். பேச்சுவாக்கில் சிரித்துக்கொண்டே சொன்னாள், தன் கணவர் சேலத்துக்கு மேலே மலையில் காப்பித் தோட்டத்தில் பிறந்தவர் என்று. ஆயா வளர்த்த பிள்ளையாம். இங்கிலீஷுக்கு முன்னால் பேசியது தமிழாம். காய்ச்சல் வந்தால் இன்னமும் தமிழில்தான் பினாத்துவாராம். ஆபீசில் ஏன் காட்டிக்கொள்வதில்லை என்று கேட்டேன். காட்டிக்கொண்டால் யாரும் எதையும் பேசமாட்டார்களே என்றாள்.

கோப்பையை வைத்துவிட்டு எழுந்தேன். எப்படி விடைபெற்றேன் என்று நினைவில்லை. நேரே ஸ்டோருக்குத்தான் போனேன், மகனே. அதை நீ நம்பவேண்டும். அங்கே ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. உள்ளே போய் உன் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு இந்த வருஷம் பாட்டுகளை மாற்றுங்கள் என்று சொல்வதற்காகத்தான் வேகமாக நடந்தேன். பலகைச் சுவருக்குப் பக்கத்தில் வந்தபோது உள்ளேயிருந்து என் குரல் கேட்டது.

"கிராணி, நகத்தக் காட்டுங்க. அந்தக் கைய. திருப்புங்க. இதென்ன கறுப்பு? இந்தக் கையோட ஜெபம் சொன்னா மாதா மொகத்தத் திருப்பிக்குவாங்க."

"கழுவிட்டேன் தாயி" என்றது தங்கராசுவின் குரல். "காலையில ஒரு தடவ, கனவுல ஒரு தடவ."

பலகை இடுக்கில் பார்த்தேன். தங்கராசு கிராணியாகக் கையை நீட்டிக்கொண்டு நின்றார். தலையில் துண்டைப் போட்டு, இடுப்பில் கை வைத்து, என்னைப்போலவே மோவாயைத் தூக்கிக்கொண்டு நின்றவர் உன் அப்பா. சாப்பாட்டுக்கு உட்காரும் முன்பு நான் உன் நகத்தைப் பார்ப்பேன், அவர் நகத்தையும் பார்ப்பேன் என்பது நம் மூன்று பேருக்குத்தான் தெரியும். மடத்தில் எங்களை அப்படித்தான் வளர்த்தார்கள். அதை அவர் கொண்டுபோய் ஆட்களை மேய்க்கிற தண்டல்களுக்கும் வண்டிக்காரர்களுக்கும் நடுவில் வைத்துவிட்டார். அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர் நன்றாக நடித்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது.

நான் வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். அன்று மாலை அவர் நகத்தை நான் பார்க்கவில்லை. அவர் அதைக் கவனிக்கவும் இல்லை, வயிறு நிறையச் சாப்பிட்டார். பொங்கல் வரை எத்தனையோ வேளை அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறினேன். சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்றோ, சமயம் வாய்க்கவில்லை என்றோ உனக்கு எழுதினால் நீ நம்புவாய். ஆனால் நான் யோசித்துத்தான் சும்மா இருந்தேன். உன் அப்பாவின் வேஷம் என்னைத்தான் பரிகாசம் செய்கிறது, துரையை அல்ல. ஆகையால் அவருக்கு ஒன்றும் வராது. மற்றவர்களைத் துரை கூப்பிட்டுத் திட்டுவார். ஊர் முன்னால் தலைகுனிவது எப்படி இருக்கும் என்று அவர்களும் ஒரு நாள் தெரிந்துகொள்ளட்டும் என்று நினைத்தேன். அதற்குமேல் நினைக்கவில்லை. திட்டோடு நிற்கிற துரையா இவர் என்று நான் நினைத்துப் பார்த்திருக்கவேண்டும்.

பொங்கலுக்கு மறுநாள் சோபா வந்தது. மாலை போட்டார்கள். துரைசானிக்குப் பக்கத்தில் என் நாற்காலி. அவளுக்குத் தமிழ் தெரியாது, ஆகையால் எப்போதும்போல் நான் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கத்தில் துரை கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்துகொண்டே, கூசாமல், மேடையில் பாடுகிறவற்றையெல்லாம் இனிப்பாக்கிச் சொன்னேன். என் காட்சி வந்தது. ஜனங்கள் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். இது ஒரு பள்ளிக்கூட ஆசிரியை என்று துரைசானியிடம் சொன்னேன்.

பிறகு தங்கராசு ஒரு புதுப் பாட்டை எடுத்தார். ஒத்திகையில் இல்லாத பாட்டு. அந்த வருஷம் துரையின் நாய்க்கு நோய் வந்து, ஜொகூர் பாருவிலிருந்து மோட்டாரில் வைத்தியர் வந்து பார்த்தும் பிழைக்கவில்லை. பங்களா தோட்டத்தில் புதைத்து, பெயர் வெட்டிய கல் நட்டிருந்தார்கள். அதே மாதம் லயத்தில் காய்ச்சலில் போன பிள்ளைகளை ஆற்றோரத்தில் புதைத்தார்கள். இந்த இரண்டையும் சேர்த்துத் தங்கராசு பாடினார். அவர் குரல் உயரவே இல்லை. அதுவரை சிரித்துக்கொண்டிருந்த ஜனங்கள் சிரிக்கவில்லை. துரைசானி என்ன பாட்டு என்று கேட்டாள். வாயில்லா ஜீவன்களிடம் எஜமானர் காட்டுகிற அன்பைப் புகழ்கிறார் என்றேன்.

துரை என் பக்கம் குனிந்தார். மெதுவாக, ஒரு ஆயாவின் தமிழில், அத்தனை மரியாதையாகச் சொன்னார்:

"அவரு அப்படிப் பாடலியேம்மா. நாய்க்குக் கல்லு நட்டாங்க, புள்ளைக்கு நடலேன்னுல்ல பாடுறாரு."

நான் எழுந்து நின்று கத்தியிருக்கலாம். நாடகத்தை நிறுத்துங்கள் என்று சொல்லியிருக்கலாம். மேடையில் இன்னும் காட்சிகள் பாக்கி இருந்தன, எல்லாவற்றிலும் தங்கராசு இருந்தார். நான் மடியில் கையை வைத்துக்கொண்டு கடைசிவரை உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காலை ஆள் கணக்கு எடுக்கும் இடத்தில், எல்லோர் முன்னாலும், துரை முதல்முதலாகத் தமிழில் பேசினார். தங்கராசு வீட்டைக் காலி செய்யவேண்டும், நற்சான்றும் கிடையாது, ஸ்டோரில் இனி எந்தக் கூத்தும் கூடாது என்று. உன் அப்பா பங்களாவுக்குப் போய்க் கெஞ்சினார். பலிக்கவில்லை. நற்சான்று இல்லாத கிராணியை ஜொகூரில் எந்தத் தோட்டத்திலும் எடுத்துக்கொள்ளவில்லை. தங்கராசு மனைவி மக்களோடு பெக்கோக்குக்கு, மைத்துனன் மளிகைக் கடைக்குப் போனார். "அந்த நாய்ப் பாட்ட மட்டும் அவன் பாடாம இருந்திருந்தா" என்று உன் அப்பா சொல்லத் தொடங்கினார். சாகிறவரைக்கும் சொன்னார். அதைத்தான் நீ கேட்டு வளர்ந்தாய். ஒவ்வொரு தடவையும் நான் அந்த அறையில்தான் இருந்தேன்.

உனக்கு நினைவிருக்கும், சிறுவயதில் நீ சாமி படத்துக் கண்ணாடியை உடைத்துவிட்டுச் சமையற்காரியின் பூனைமேல் பழியைப் போட்டாய். உன்னைச் சமையற்காரி முன்னால் நிறுத்தி, நான்தான் என்று சொல்லவைத்தேன். அவளே, "விடுங்கம்மா, சின்னப் புள்ள" என்று அழுதாள். நான் விடவில்லை. பழியை இன்னொருவர் சுமக்க விடுகிறவன் என் பிள்ளை இல்லை என்று சொன்னேன். அது சரியான பாடம். அதை மறந்துவிடாதே. சொல்லிக்கொடுத்தவள் அதைக் கடைப்பிடிக்கவில்லை என்பதற்காகப் பாடம் தப்பாகிவிடாது. இன்னொன்றும் உனக்குச் சொல்லவேண்டும். உன்னைப் பார்த்து யாராவது சிரித்தால் அந்த இடத்திலேயே கோபித்துக்கொள். கத்து, சண்டை போடு, சாப்பிடாமல் இரு. அந்த அவமானத்தைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்துக்கொள்ளாதே. நான் அன்று ஸ்டோருக்குள் போய் உன் அப்பாவோடு எல்லார் முன்னிலையிலும் சண்டை போட்டிருந்தால், அந்தச் சண்டையிலாவது துரைக்குத் தமிழ் தெரியும் என்பது வாயில் வந்திருக்கும்.

உன் கடிதம் கிடைத்த மறுநாள் கூலாயில் ரயில் ஏறிப் பெக்கோக்குக்குப் போனேன். உன்னைக் கேட்காமல் போனதற்குக் கோபித்துக்கொள்ளாதே. கடையின் பின்பக்கம் உட்கார்ந்து தங்கராசு மிளகாயில் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னைப் பார்த்து எழுந்து, துண்டால் நாற்காலியைத் துடைத்தார். ஆள் அனுப்பியிருந்தால் நானே வந்திருப்பேனே என்றார். நாடக விஷயமாக நீதான் என்னை அனுப்பியிருக்கிறாய் என்று நினைத்துவிட்டார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்துக்கொண்டே நான் சொன்னேன். தேநீர், ஒத்திகை, பலகை இடுக்கு, எல்லாம்.

அவர் கிள்ளுவதை நிறுத்தவில்லை. மிளகாயைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அந்தப் பாட்டு அன்னிக்குக் காலையில கட்டுனதும்மா. கிராணியார்கிட்டகூடக் காட்டல. நம்ம வாயாலதான் எல்லாருக்கும் கேடு வந்துச்சுன்னு நெனச்சேன். அதுக்கப்புறம் நான் பாடுனதே இல்ல. எம் பொண்ணு கல்யாணத்துல எல்லாரும் கேட்டாங்க. தொண்ட சரியில்லன்னுட்டேன். எஞ் சம்சாரம் கண்ண மூடற வரைக்கும் அந்தப் பாட்டத்தான் திட்டுனா. நானும் சேந்து திட்டுவேன்."

தவறு என்னுடையது என்றேன். கிராணியாருக்குத் தெரியுமா என்று மட்டும் அவர் கேட்டார். தெரியாது என்றேன்.

"நல்லதாப் போச்சு" என்றார்.

முன்னால் யாரோ பருப்பு வாங்க வந்தார்கள். எழுந்து போனார். பிறகு அவர் பின்பக்கம் வரவே இல்லை. மைத்துனன் மனைவி காப்பி கொண்டுவந்து வைத்தாள். ரயில் நேரமானதும் கடை வழியாக வெளியே வந்தேன். தராசைப் பார்த்துக்கொண்டே, "பாத்துப் போங்க கிராணியம்மா" என்றார். வருகிறேன் என்றோ, வரமாட்டேன் என்றோ சொல்லவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. அதை எதிர்பார்த்து நான் போகவும் இல்லை என்று எழுதத்தான் ஆசை. ரயிலில் உட்கார்ந்த பிறகுதான் எதிர்பார்த்திருந்தேன் என்று தெரிந்தது.

இனி உன் வேலை. அவருக்குக் கடிதம் எழுதாதே, நேரில் போ. நான் கூப்பிட்டால் அது என் மன்னிப்புக்காகக் கூப்பிடுவதாகிவிடும். நீ போய் நாடகத்துக்குக் கூப்பிடு. பாட்டு வேண்டாம் என்று அவர் சொன்னால் ஒத்துக்கொள்ளாதே. அந்த நாய்ப் பாட்டு நம் ஆட்கள் யாருக்கும் முழுசாக நினைவில்லை, அவர் ஒருவருக்குத்தான் தெரியும் என்று சொல். அது உண்மைதான். நான் எல்லோரையும் விசாரித்துவிட்டேன். ஒரு தடவை கூப்பிட்டு வராவிட்டால் மறுபடி போ.

அறிவிப்புத் தாளில் நீ கேட்ட ஒரு பக்கத்துக்குப் பதிலாக இந்தக் கடிதத்தை அச்சிடு. சங்கத்தார் தயங்கினால் அந்த அம்மாளே சம்மதித்துவிட்டாள் என்று சொல். தங்கராசு வந்தாலும் வராவிட்டாலும் இப்போது உங்கள் சங்கம் போடுகிற நாலாம் பாகத்தில் ஒரு காட்சி சேர்க்கவேண்டும். சோபா, துரை, துரைசானி, பக்கத்து நாற்காலியில் படித்த ஒரு அம்மாள். துரைக்குத் தமிழ் தெரியும் என்பது அவளுக்குத் தெரியும். மேடையில் இருக்கிறவர்களுக்குத் தெரியாது. அவள் இங்கிலீஷில் இனிக்க இனிக்கப் பேசிக்கொண்டே இருக்கிறாள், அவர்களிடம் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. ஜனங்கள் முதலில் நன்றாகச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். போகப் போக யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்று அவர்களுக்கே புரியும்படி அதை எழுது. என்னைக் காப்பாற்றப் பார்க்காதே. அந்த வேஷத்தை வேறு யாருக்கும் கொடுக்காதே, நீயே கட்டு.

உன் அம்மா